புற்றுநோய் மருந்து தைராய்டை முடக்கியபோது: சைட்டோகைன்கள் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

நிகழ்வு

1988-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் அமெரிக்க மருத்துவர்கள் சிலர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முற்றிய புற்றுநோயோடு இருந்த 34 பேருக்கு அவர்கள், நோயெதிர்ப்புச் செல்கள் சேதி சொல்லப் பயன்படுத்தும் சைட்டோகைன்களில் ஒன்றான இன்டர்லூக்கின்-2 என்ற மூலக்கூறைச் செலுத்தியிருந்தார்கள். கூடவே, அந்த நோயாளிகளின் ரத்தத்திலிருந்து லிம்போசைட்டுகள் என்ற நோயெதிர்ப்பு வெள்ளணுக்களைப் பிரித்தெடுத்து, ஆய்வகத்தில் அதே இன்டர்லூக்கின்-2 கொண்டு முறுக்கேற்றி, அவரவர் உடலுக்கே திருப்பி அனுப்பினார்கள். உடலின் சொந்தப் படையை உசுப்பிப் புற்றின் மேல் ஏவலாம் என்பது எண்ணம்.

சிகிச்சைக்குப் பிறகு அந்த 34 பேரில் 7 பேருக்குத் தைராய்டு படுத்துவிட்டது. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோனான தைராக்சின் இறங்கியது. தைராய்டைத் தூண்ட மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் டி.எஸ்.எச். ஏறியது. நூற்றுக்கு 21 பேர் என்பது தற்செயல் என்று ஒதுக்கிவிடக்கூடிய கணக்கல்ல. அந்த ஆய்வில் இன்னொரு கணக்கும் இருந்தது. தைராய்டு பாதிக்கப்பட்ட 7 பேரில் 5 பேருக்குப் புற்றுக்கட்டி சுருங்கியிருந்தது. தைராய்டு கெடாமல் இருந்த 27 பேரிலும் கட்டி சுருங்கியது 5 பேருக்குத்தான். புற்றைத் தாக்கிய அதே எழுச்சி, யாரும் குறிவைக்காத கழுத்துச் சுரப்பியையும் தாக்கியிருக்கிறது என்று இதைப் படிப்பதே இயல்பு.

இதற்கு மூன்றாண்டு முன்பே, 1985-இல், லண்டன் மருத்துவர்கள் 'லான்செட்' இதழில் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்கள். மார்பகப் புற்றுக்காக இன்னொரு சைட்டோகைனான இன்டர்ஃபெரான் எடுத்துக்கொண்ட பெண்கள் சிலருக்குத் தைராய்டு சுரப்பு குறைந்துபோயிருந்தது. பிறகு 1990-களில் இன்டர்ஃபெரான் ஆல்ஃபா, ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் வைரஸ் நோய்க்கான முதன்மை மருந்தானது. மாதக்கணக்கில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் உலகெங்கும் பெருகினார்கள். அவர்களில் நூற்றுக்கு 5 முதல் 15 பேருக்குத் தைராய்டு கோளாறு வெளிப்படையாகவே வந்தது. அதைவிடப் பெரிய கூட்டத்துக்கு, அறிகுறி எதுவும் இல்லாமல், தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடிகள் (நோயெதிர்ப்புப் புரதங்கள்) மட்டும் ரத்தத்தில் தோன்றின.

இந்த நிகழ்வை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள வலுவான காரணம் உண்டு. சாதாரணமாக வரும் தன்னுடல் தாக்குநோய்க்குத் தொடக்க நாள் கிடையாது. அத்தகைய நோய்களில் ஒன்றான ஹஷிமோட்டோ தைராய்டு அழற்சி உள்ள ஒரு பெண் களைப்பு, உடல் பருமன், முடி கொட்டல் என்று மருத்துவரிடம் வரும்போது சுரப்பிக்குள் பல ஆண்டு வேலை நடந்து முடிந்திருக்கும். எது முதலில் நடந்தது, எது எதைத் தூண்டியது என்று அந்தக் கட்டத்தில் பிரித்துச் சொல்வது கடினம். இங்கே அப்படியில்லை. எந்த மூலக்கூறு, எத்தனை அளவு, எந்தத் தேதி என்று எல்லாமே மருந்துச் சீட்டில் இருக்கின்றன. அழற்சியின் சேதிகளை மனித உடலுக்குள் கணக்காக ஊற்றினால் தைராய்டு செல்லுக்கு என்ன ஆகும் என்ற கேள்விக்கு, யாரும் திட்டமிடாமலே விடை கிடைத்தது.

ஆன்டிபாடியை மட்டும் பார்த்த காலம்

1912-இல் ஜப்பானின் கியூஷுவைச் சேர்ந்த இளம் அறுவைச் சிகிச்சையாளர் ஹகாரு ஹஷிமோட்டோ, நான்கு பெண்களின் கழுத்திலிருந்து அகற்றிய கழலைகளை நுண்ணோக்கியில் பார்த்து ஜெர்மன் இதழ் ஒன்றில் எழுதினார். தைராய்டு இருக்க வேண்டிய இடத்தில் லிம்போசைட்டுகள் குவிந்து கிடந்தன. மிச்சமிருந்த தைராய்டு செல்கள் உருமாறியிருந்தன. இடையிடையே நார்த்திசு படர்ந்திருந்தது. லிம்போசைட்டுகள் அங்கே ஏன் வந்தன என்று சொல்ல அன்றைய அறிவியலிடம் சொற்கள் இல்லை.

சொற்கள் 1956-இல் வந்தன. லண்டனில் ராய்ட், டோனியாக் குழுவினர் ஹஷிமோட்டோ நோயாளிகளின் ரத்தத்தில் தைராய்டின் சேமிப்புப் புரதமான தைரோகுளோபுலினுக்கு எதிரான ஆன்டிபாடிகளைக் கண்டார்கள். அதே ஆண்டு அமெரிக்காவின் பஃபலோவில் ரோஸும் விட்டெப்ஸ்கியும், முயல்களுக்குத் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டு அவற்றின் தைராய்டிலேயே அழற்சியை வரவழைத்தார்கள். உடல் தன்னையே தாக்காது என்ற நம்பிக்கை அத்தோடு உடைந்தது. ஆனால் அந்த வெற்றியின் வெளிச்சத்தில் ஆன்டிபாடியே குற்றவாளி என்ற எண்ணம் பல ஆண்டு நிலைத்துவிட்டது. இன்றும் பரிசோதனை அறிக்கையில் 'ஆன்டி டி.பி.ஓ.', அதாவது டி.பி.ஓ. என்ற தைராய்டு நொதிக்கு எதிரான ஆன்டிபாடியின் எண் உயர்ந்திருப்பதைப் பார்த்துத் தூக்கம் தொலைக்கிறவர்கள் நம்மிடையே ஏராளம். அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

அந்த எண்ணத்துக்கு ஒத்துவராத செய்திகள் தொடக்கத்திலிருந்தே இருந்தன. ஹஷிமோட்டோ நோயுள்ள தாயின் ஆன்டிபாடிகள் நஞ்சுக்கொடி தாண்டிக் குழந்தைக்குப் போகின்றன. இருந்தும் குழந்தையின் தைராய்டு பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. அமெரிக்காவில் நடந்த பெரிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒன்றில், தைராய்டு நோய் இல்லாதவர்களிலேயே 11 சதவீதத்தினருக்கு டி.பி.ஓ. ஆன்டிபாடி இருந்தது. சென்னை உள்ளிட்ட எட்டு இந்திய நகரங்களில் 5,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களைச் சோதித்து 2013-இல் வெளிவந்த ஆய்வில், ஏறத்தாழ 22 சதவீதத்தினருக்கு அந்த ஆன்டிபாடி இருந்தது. தைராய்டு சுரப்புக் குறைவு இருந்ததோ ஏறத்தாழ 11 சதவீதத்தினருக்கு. ஆன்டிபாடி இருப்பவர் எல்லோரும் நோயாளி அல்ல என்பது இதிலிருந்தே தெரிகிறது.

நான் சொல்ல வருவது இதுதான். ஆன்டிபாடி என்பது சண்டை நடந்ததற்கான அடையாளம், ஓரளவுக்கு அதன் துணைக் கருவி. தைராய்டு செல்லை உண்மையில் செயலிழக்கச் செய்வதும் சாகடிப்பதும், அதைச் சூழ்ந்திருக்கும் டி செல்கள் என்ற லிம்போசைட்டுகளும் அவை கக்கும் சைட்டோகைன்களும். அந்தச் சைட்டோகைன்களைக் கேட்டு நடப்பது தைராய்டு செல்லே. அழிவின் ஒவ்வொரு படியிலும் அதன் பங்கு இருக்கிறது.

இரண்டு மருந்து, இரண்டு பாதை

சைட்டோகைன்கள் சிறிய புரதங்கள். ஒரு செல் அவற்றை வெளியிடும்; பக்கத்துச் செல்லின் மேல்பரப்பில் உரிய ஏற்பி இருந்தால் அது கேட்கும். ஏற்பி இல்லாத செல்லுக்கு அவை காதில் விழாது.

இன்டர்லூக்கின்-2 முதன்மையாக லிம்போசைட்டுகளின் மூலக்கூறு. டி செல்களும் இயற்கைக் கொல்லி செல்களும் அதைக் கேட்டுப் பெருகும். இன்டர்ஃபெரான் காமா, டி.என்.எஃப். ஆல்ஃபா என்ற வேறு சைட்டோகைன்களைக் கொட்டும். ஆகவே 1988 ஆய்வின் 7 பேரிடமும் நடந்தது இரண்டாம் கட்டத் தாக்குதல் என்று கொள்வதே பொருத்தம். செலுத்தியது ஒரு மூலக்கூறு; தைராய்டைச் சென்றடைந்தது, அது எழுப்பிவிட்ட வேறு மூலக்கூறுகள்.

இன்டர்ஃபெரான் ஆல்ஃபாவின் கதை வேறு. அதற்கான ஏற்பி தைராய்டு செல்லிலும் இருக்கிறது. எனவே அதற்கு இரண்டு வழி திறந்திருக்கிறது: லிம்போசைட்டுகளை உசுப்பலாம், தைராய்டு செல்லிடம் நேரடியாகவும் பேசலாம். ஹெபடைடிஸ் சி நோயாளிகளிடம் இரண்டுமே தெரிந்தன. தைராய்டு பாதிக்கப்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு ஆன்டிபாடிகளோடு கூடிய ஹஷிமோட்டோ நோயோ, அரிதாக, சுரப்பு மிகுந்துவிடும் கிரேவ்ஸ் நோயோ வந்தது. சுமார் பாதிப் பேருக்கு ஆன்டிபாடியே இல்லை. ஆனாலும் சுரப்பி சிதைந்தது. தைராய்டில் மட்டும் இன்டர்ஃபெரான் ஆல்ஃபாவைச் சுரக்கும்படி மரபணு மாற்றிய எலிகளை வைத்து 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை உறுதிப்படுத்தியது. அந்த எலிகளின் தைராய்டு கடுமையாகச் சிதைந்தது. அதில் நோயெதிர்ப்புச் செல்களை வரவழைத்ததன் விளைவும் இருந்தது, திசுவின் மேல் நேரடி நச்சுத்தன்மையும் இருந்தது.

ஒரு குழப்பத்தை இங்கே நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஹெபடைடிஸ் சி வைரஸுக்கே தைராய்டு தன்னுடல் தாக்குதலோடு தொடர்பு உண்டு. ஹெபடைடிஸ் பி நோய்க்காக அதே இன்டர்ஃபெரானை எடுத்தவர்களிடம் தைராய்டு பாதிப்பு குறைவாகவே இருந்தது. மருந்து மட்டுமே காரணம் என்றால் இந்த வேறுபாடு வந்திருக்காது. மரபு, பெண்பால், முன்பே இருந்த ஆன்டிபாடி, வைரஸ் எல்லாம் சேர்ந்து தயார்செய்து வைத்த தைராய்டை இன்டர்ஃபெரான் கீழே தள்ளியது என்பதே சரியான வாசிப்பு. சிகிச்சைக்கு முன்பே டி.பி.ஓ. ஆன்டிபாடி இருந்தவர்களுக்கு ஆபத்து பல மடங்கு கூடியதும் இதையே காட்டுகிறது.

சாவுக்கு முன் மௌனம்

தைராய்டு நோயைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் செல்கள் அழிவதிலேயே தொடங்குகிறார்கள். அதற்கு முன் நடக்கும் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். என் பார்வையில் அதுவே இந்த நிகழ்வில் மிக முக்கியமான பகுதி.

தைராய்டு செல்கள் ஒற்றை அடுக்காகச் சுற்றி நின்று சின்னச் சின்ன உருண்டைப் பைகளாக அமைந்திருக்கின்றன. பையின் உள்ளே கூழ் போன்ற தைரோகுளோபுலின் சேமிப்பு. ரத்தத்தை ஒட்டிய பக்கத்தில் சோடியம்-அயோடைடு கடத்திப் புரதம் இருக்கிறது. ரத்தத்தில் மிகச் சொற்பமாக ஓடும் அயோடைடை இழுத்து உள்ளே குவிப்பது இதன் வேலை. கூழை ஒட்டிய பக்கத்தில் தைராய்டு பெராக்சிடேஸ் என்ற நொதி, அதாவது அறிக்கைகளில் நாம் பார்க்கும் டி.பி.ஓ., ஹைட்ரஜன் பெராக்சைடின் துணையோடு அயோடினைத் தைரோகுளோபுலினில் பொருத்துகிறது. இந்தக் கடத்தி, இந்த நொதி, இந்தப் புரதம் ஆகிய மூன்றும் இல்லாமல் தைராக்சின் இல்லை.

மனிதத் தைராய்டு செல்களை ஆய்வகத் தட்டில் வளர்த்து இன்டர்ஃபெரான் காமா, டி.என்.எஃப். ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-1 ஆகியவற்றைச் சேர்த்தபோது, கடத்தியின் உற்பத்தி குறைந்து செல் அயோடைடை இழுப்பது தளர்ந்தது. பெராக்சிடேஸும் தைரோகுளோபுலினும் டி.எஸ்.எச். தூண்டியும் முன்போல உயரவில்லை. செல் செத்துப்போகவில்லை, தட்டில் உயிரோடுதான் இருந்தது. வேலையை மட்டும் நிறுத்தியிருந்தது.

இதோடு செல்களுக்கு இடையே உள்ள இறுக்கமான இணைப்புகளையும் இன்டர்லூக்கின்-1 தளர்த்துகிறது. இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் தைராய்டுப் பை மூடியிருப்பதற்கு ஒரு காரணம் உண்டு: உள்ளே இருக்கும் சேமிப்பும், கூழை நோக்கிய பக்கத்தில் இருக்கும் பெராக்சிடேஸும் பெரும்பாலும் நோயெதிர்ப்புப் படையின் கண்ணில் படாமல் இருக்கின்றன. இணைப்பு தளர்ந்தால் அந்த மறைவு போய்விடுகிறது. அதுவரை எட்டாமல் இருந்த ஆன்டிபாடிகளும் இலக்கை நெருங்க வழி பிறக்கிறது.

இந்த மௌனக் கட்டத்தை அறிவதில் நோயாளிக்கு நேரடிப் பயன் இருக்கிறது. டி.எஸ்.எச். உயர்ந்திருக்கிறது என்பதற்காக அத்தனை செல்லும் மாண்டுவிட்டன என்று பொருளில்லை. இன்டர்ஃபெரானை நிறுத்திய சில மாதங்களில் பலருக்குத் தைராய்டு திரும்ப இயங்கத் தொடங்கியது. செத்த செல் எழுந்துவராது. வளர்ந்த மனிதரின் தைராய்டு செல் பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பிரியும் என்பதால், புதுச் செல்கள் அவ்வளவு விரைவில் இடத்தை நிரப்பியிருக்கவும் முடியாது. வாய்மூடிக் கிடந்த செல்கள் மீண்டும் பேசின என்பதே அதற்கு எளிய விளக்கம்.

செல் தன்னைக் காட்டிக்கொடுப்பது

1983-இல் லண்டனில் பொட்டாட்சோவும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். எச்.எல்.ஏ.-டி.ஆர். என்ற மூலக்கூறு வழக்கமாக நோயெதிர்ப்புச் செல்களின் மேல்பரப்பில் இருப்பது. புரதத் துண்டுகளை ஏந்தி டி செல்களுக்குக் காட்டுவது அதன் பணி. தைராய்டு செல்லுக்கு அது தேவையே இல்லை. ஆனால் தன்னுடல் தாக்குநோய் கண்ட தைராய்டுகளில், தைராய்டு செல்களே அதை மேலே தரித்திருந்தன. தன்னிடம் உள்ள புரதங்களைத் தானே ஏந்தி டி செல்லிடம் நீட்டினால் சண்டை தொடங்காமல் என்ன செய்யும் என்று அவர்கள் கேட்டார்கள்.

கருத்து அழகானது, உலகெங்கும் பேசப்பட்டது. பிறகு வரிசை தலைகீழாகத் திருப்பிவைக்கப்பட்டது. இன்டர்ஃபெரான் காமா பட்டால் எந்தத் தைராய்டு செல்லும் எச்.எல்.ஏ.-டி.ஆர். தரிக்கும் என்று ஆய்வகத்தில் தெரிந்தது. இன்டர்ஃபெரான் ஏற்பியில் ஒட்டியதும் ஜேக் நொதிகள் ஸ்டாட்-1 புரதத்தை முடுக்கிவிடும். அது உட்கருவுக்குள் போய் எச்.எல்.ஏ. மரபணுக்களைத் திறந்துவிடும். இன்டர்ஃபெரான் காமாவைச் சுரப்பவை டி செல்களும் இயற்கைக் கொல்லி செல்களும். ஆகவே லிம்போசைட்டுகள் முதலில் வந்திருக்க வேண்டும், எச்.எல்.ஏ. பிறகு தோன்றியிருக்க வேண்டும். நோயைத் தொடங்கிவைப்பது எச்.எல்.ஏ. அல்ல என்றே இன்று பலரும் கருதுகிறார்கள். தொடங்கியதை அணையவிடாமல் காப்பதில் அதற்குப் பங்கு இருக்கிறது. முன்பே பயிற்சி பெற்ற டி செல்லை மறுபடி உசுப்ப இந்தக் காட்சியே போதும்.

அணையாமல் காப்பதில் இன்னொரு மூலக்கூறு எச்.எல்.ஏ.-வைவிட முக்கியமாக எனக்குப் படுகிறது. சி.எக்ஸ்.சி.எல்.-10 என்பது லிம்போசைட்டுகளைக் கூவி அழைக்கும் கீமோகைன். இன்டர்ஃபெரான் காமாவும் டி.என்.எஃப். ஆல்ஃபாவும் ஒன்றாகப் பட்டால் தைராய்டு செல் இதை ஏராளமாகச் சுரக்கிறது. அழைப்பைக் கேட்டு வருபவை இன்டர்ஃபெரான் காமா சுரக்கும் வகை டி செல்களே. வந்தவை மறுபடி இன்டர்ஃபெரான் காமாவைக் கக்க, தைராய்டு செல் மறுபடி அழைப்பு விடுக்கிறது. தீ வைத்தது யாராக இருந்தாலும், விறகு எடுத்துக்கொடுப்பது வீட்டுக்காரரே என்பது போன்ற நிலை. ஹஷிமோட்டோ 1912-இல் நுண்ணோக்கியில் கண்ட அந்த லிம்போசைட் குவியலுக்கு, அவர் காலத்தில் கிடைக்காத விளக்கத்தின் ஒரு பகுதி இந்தச் சுழற்சியில் இருக்கிறது.

செல்லின் மரணம்

கடைசிப் படி ஃபாஸ் என்ற மூலக்கூறோடு தொடங்குகிறது. செல்லின் மேல்பரப்பில் இருக்கும் ஃபாஸுக்கு அதன் இணை மூலக்கூறான ஃபாஸ் லிகாண்ட் வந்து பொருந்தினால், உள்ளே காஸ்பேஸ் என்ற நொதிகள் ஒன்றையொன்று முடுக்கிச் செல்லைத் துண்டு துண்டாக அடங்கவைக்கும். இது திட்டமிட்ட செல் மரணம்.

1997-இல் 'சயன்ஸ்' இதழில் இத்தாலிய ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை பெரும் பரபரப்பை உண்டாக்கியது. ஃபாஸ் இல்லாத இயல்பான தைராய்டு செல்கள், இன்டர்லூக்கின்-1 பட்டதும் அதைத் தரித்தன. தைராய்டு செல்கள் ஃபாஸ் லிகாண்டையும் தாங்களே வைத்திருக்கின்றன, எனவே பக்கத்துச் செல்கள் ஒன்றையொன்று கொல்லும் என்று அவர்கள் எழுதினார்கள். இதன் இரண்டாம் பாதிக்கு உடனே எதிர்ப்பு வந்தது. இயல்பான தைராய்டு செல்லில் ஃபாஸ் லிகாண்ட் உண்மையிலேயே இருக்கிறதா, அதைக் கண்டறியப் பயன்படுத்திய வினைப்பொருள் நம்பகமானதா என்று மற்ற ஆய்வகங்கள் கேட்டன. அந்த வாதத்தில் நான் எதிர்ப்பாளர்கள் பக்கம் சாய்கிறேன். ஒன்றையொன்று கொல்லும் பொருளை எப்போதும் தரித்திருக்கும் திசு, சின்னஞ்சிறு வைரஸ் காய்ச்சலில்கூடத் தப்பியிருக்குமா என்பது சந்தேகம். லிகாண்டைக் கொண்டுவருபவை டி செல்கள் என்று எடுத்துக்கொண்டால், வேறு எந்தச் சிக்கலும் எழாமல் கணக்கு நேராகிறது.

தைராய்டு செல் எளிதில் சாகும் ரகமும் அல்ல. ஃபாஸ் இருந்தாலும் உள்ளே தடுப்புப் புரதங்கள் காஸ்பேஸ்களைப் பிடித்துவைத்திருக்கின்றன. அமெரிக்க ஆய்வாளர்கள் 1990-களின் இறுதியில் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். வெறும் ஃபாஸைத் தூண்டினால் இயல்பான தைராய்டு செல் சாகவில்லை. இன்டர்ஃபெரான் காமாவோடு டி.என்.எஃப். ஆல்ஃபாவோ இன்டர்லூக்கின்-1-ஓ சேர்ந்து முதலில் செல்லைப் பதப்படுத்திய பிறகே ஃபாஸின் கட்டளை நிறைவேறியது. ஒரு சைட்டோகைனால் ஆகாதது இரண்டு சேர்ந்தால் ஆகிறது. சின்ன அழற்சியில் தைராய்டு ஏன் தப்பிக்கிறது, நீடித்த அழற்சியில் ஏன் வீழ்கிறது என்பதற்கு இது நல்ல விளக்கம்.

2000-இல் 'நேச்சர் இம்யூனாலஜி' இதழில் வந்த ஆய்வு இதை ஒரு படி முன்னே கொண்டுபோனது. ஹஷிமோட்டோ நோயிலும் லிம்போசைட்டுகள் தைராய்டுக்குள் நுழைகின்றன, கிரேவ்ஸ் நோயிலும் நுழைகின்றன. ஒன்றில் செல் அழிகிறது, மற்றதில் அழியாமல் அளவுக்கு மீறிச் சுரக்கிறது. கிரேவ்ஸ் தைராய்டில் இன்டர்லூக்கின்-4, இன்டர்லூக்கின்-10 ஆகியவை மரணத்தைத் தடுக்கும் புரதங்களைத் தைராய்டு செல்லுக்குள் பெருக்குகின்றன. ஹஷிமோட்டோ தைராய்டில் இன்டர்ஃபெரான் காமா காஸ்பேஸ்களைப் பெருக்குகிறது. செல் வாழ்வதையும் சாவதையும் முடிவுசெய்வதில், சுற்றிலும் எந்தச் சைட்டோகைன் ஓங்கியிருக்கிறது என்பதற்குப் பெரும் பங்கு உண்டு. கிரேவ்ஸ் நோயில் டி.எஸ்.எச். ஏற்பியைத் தூண்டும் ஆன்டிபாடியின் வேலை தனி. அதை இது மறுக்கவில்லை.

இவற்றோடு, கொல்லி டி செல்கள் பெர்ஃபோரின், கிரான்சைம் என்ற புரதங்களைக் கொண்டு நேரடியாகத் துளைத்துக் கொல்வதும் நடக்கிறது. தைராய்டு அந்த விஷயத்தில் மற்ற உறுப்புகளைப் போன்றதே.

எலிகள் சொன்ன முரண்

இன்டர்ஃபெரான் காமாவைத் தீயவனாக மட்டும் எழுதிவிட்டால் கதை சுலபமாகிவிடும். அது உண்மை அல்ல.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கட்டுரெக்லி குழுவினர், தைராய்டு செல்லே இன்டர்ஃபெரான் காமாவைச் சுரக்கும்படி எலிகளின் மரபணுவை மாற்றினார்கள். 2000-இல் வெளிவந்த முடிவு எதிர்பார்த்தபடியே இருந்தது: தைராய்டின் அமைப்பு குலைந்தது, எலிகள் வளர்ச்சி குன்றின, சுரப்பு கடுமையாகக் குறைந்தது. பிறகு அதே எலிகளுக்கு, ரோஸும் விட்டெப்ஸ்கியும் முயல்களுக்குச் செய்தது போல, தைராய்டுப் புரதத்தை ஊசி போட்டுத் தன்னுடல் அழற்சியை வரவழைக்க முயன்றார்கள். 2003-இல் வந்த முடிவு நேர்மாறானது. தைராய்டில் இன்டர்ஃபெரான் காமா நிறைந்திருந்த எலிகளில் அழற்சி குறைவாகவே வந்தது. கழுத்து நிணநீர்க் கணுக்களில் லிம்போசைட்டுகள் தூண்டப்படுவதை அது அடக்கியிருந்தது.

ஒரே மூலக்கூறு தைராய்டு செல்லின் வேலையைக் கெடுக்கிறது. தைராய்டைத் தாக்கவரும் படையையும் அடக்குகிறது. எங்கே, எப்போது, எவ்வளவு என்பதைப் பொறுத்து அதன் பொருள் மாறுகிறது. ஒரு சைட்டோகைனைத் தடுத்துவிட்டால் ஹஷிமோட்டோ நோய் குணமாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பத் தயங்குவதற்கு இந்த எலிகள் போதுமான காரணம்.

நோயாளி என்ன உணர்கிறார்

செல்லுக்குள் நடப்பது வெளியே எப்படித் தெரிகிறது என்பதில் இன்டர்ஃபெரான் நோயாளிகள் ஒரு தெளிவான படத்தைத் தந்தார்கள். பைகள் சிதையும்போது உள்ளே சேமித்திருந்த தைராக்சின் கட்டுப்பாடின்றி ரத்தத்தில் கசிகிறது. ஆரோக்கியமான தைராய்டில் வாரக்கணக்குக்கான சேமிப்பு இருப்பதால் இந்தக் கசிவு சில வாரம் நீடிக்கலாம். படபடப்பு, வியர்வை, கை நடுக்கம், எடை இழப்பு. பிறகு சேமிப்பு தீர்ந்ததும் எல்லாம் எதிர்த்திசைக்குப் போகிறது: சோர்வு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், மனச்சோர்வு. ஹெபடைடிஸ் சி சிகிச்சையே களைப்பையும் மனச்சோர்வையும் தரக்கூடியது என்பதால், தைராய்டால் வந்த களைப்பு மருந்தின் கணக்கில் எழுதப்பட்டுத் தவறவிடப்படும் வாய்ப்பு அதிகம் இருந்தது. அதனாலேயே, சிகிச்சைக்கு முன்பும் இடையிலும் டி.எஸ்.எச். பார்ப்பது வழக்கமாயிற்று.

இதே இரண்டு கட்டப் போக்கு, மருந்தே இல்லாமல், குழந்தை பெற்ற பெண்களிடமும் வருகிறது. கருவுற்றிருக்கும்போது அடங்கியிருந்த நோயெதிர்ப்பு, பிரசவத்துக்குப் பிறகு மீள எழும்போது நூறு தாய்மாரில் சுமார் 5 முதல் 10 பேருக்குத் தைராய்டு அழற்சி வருகிறது. நம் வீடுகளில் அது "பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று தள்ளப்படுகிறது. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் ஒன்று. பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் சரியாகிவிடும். சிலருக்கு ஆண்டுகள் கழித்து நிரந்தரமாகத் திரும்பும்.

சிகிச்சை எங்கே நிற்கிறது

தைராக்சின் மாத்திரை ஹார்மோனை ஈடுசெய்கிறது. சைட்டோகைன்களை அது தொடுவதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை: விலை குறைந்த, பல பத்தாண்டு அனுபவம் உள்ள, சரியான அளவில் தீங்கற்ற மருந்து கையில் இருக்கும்போது, உடலின் நோயெதிர்ப்பையே அடக்கும் மருந்தை ஹஷிமோட்டோ நோய்க்குக் கொடுப்பது நியாயமாகாது. ஸ்டீராய்டு கொடுத்தால் அழற்சி தணியும், நிறுத்தினால் திரும்பும். செலீனியம் மாத்திரை பல ஆய்வுகளில் ஆன்டிபாடியின் எண்ணைக் குறைத்தது. அந்த எண் குறைந்ததால் மட்டும் தைராய்டு மீண்டு இயங்கியது என்று காட்டப்படவில்லை. மேலே பார்த்ததை வைத்து யோசித்தால் இதில் வியப்பில்லை. எண் இறங்குவதைப் பார்த்துத் தைராக்சின் மாத்திரையைத் தாமாக நிறுத்துகிறவர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்: டி.எஸ்.எச். பார்க்காமல் நிறுத்தாதீர்கள்.

ஹெபடைடிஸ் சி நோய்க்கு இன்டர்ஃபெரானின் காலம் முடிந்துவிட்டது. 2013-க்குப் பிறகு வந்த, வைரஸை நேரடியாகத் தடுக்கும் மாத்திரைகள் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஆனால் 1988-இன் அந்த 7 பேரின் கதை வேறு உருவில் இன்று மறுபடி நடந்துகொண்டிருக்கிறது. புற்றுநோய்க்கான பி.டி.-1 தடுப்பு மருந்துகள் டி செல்களின் கடிவாளத்தை அவிழ்த்துவிடுகின்றன. சில வாரங்களில் தைராக்சின் கசிவு, பிறகு சுரப்புக் குறைவு, பெரும்பாலும் நிரந்தரமாக. பி.டி.-1 மருந்தோடு, டி செல்லின் இன்னொரு கடிவாளமான சி.டி.எல்.ஏ.-4-ஐத் தடுக்கும் மருந்தையும் சேர்த்துக் கொடுக்கும்போது, நூறில் சுமார் 13 பேருக்குத் தைராய்டு சுரப்பு குறைகிறது. இவர்களில் பலருக்கு ஆன்டிபாடி இல்லை. அமெரிக்க ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய நோயாளிகளின் தைராய்டுக்குள் ஒரே மூலத்திலிருந்து பெருகிய கொல்லி டி செல்கள் இருந்தன. அவற்றை முடுக்கியதில் இன்டர்லூக்கின்-21 என்ற இன்னொரு சைட்டோகைனுக்குப் பங்கு இருந்தது.

நோயெதிர்ப்பைத் தூண்டிவிடும் இத்தகைய சிகிச்சை (இம்யூனோதெரபி) இப்போது தமிழ்நாட்டுப் புற்றுநோய் மருத்துவமனைகளிலும் கொடுக்கப்படுகிறது. அதைத் தொடங்குகிற குடும்பங்களுக்கு ஒரு விஷயம்: முதல் ஊசிக்கு முன்பு டி.எஸ்.எச்., தைராக்சின் அளவுகளைப் பார்த்துவிடுங்கள், பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தொடர்ந்து பாருங்கள். ஊசி போட்டுச் சில வாரத்தில் படபடப்பு வந்தாலும், சில மாதத்தில் அடித்துப்போட்டது போன்ற சோர்வு வந்தாலும், அதைப் புற்றின் பலவீனம் என்று நீங்களே முடிவுகட்டாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். தைராய்டு பாதித்தது என்பதற்காகப் பெரும்பாலும் புற்றுநோய் மருந்தை நிறுத்த வேண்டியதில்லை. தைராக்சின் மாத்திரையைச் சேர்த்துக்கொண்டு சிகிச்சையைத் தொடர முடியும்.